காவலே நஞ்சாகுமோ?

நஞ்சு என்னும் சொல்லை நாம் மிக எளிதாக வழங்குகிறோம். நாகத்தின் பல்லில் இருப்பது நஞ்சு. எட்டிக் கொட்டையில் இருப்பது நஞ்சு. அரளி விதையில் இருப்பதும் நஞ்சு. எள்ளுக்குள் எண்ணெய் உறைவது போல, தீமை அந்தந்தப் பொருளுக்குள்ளேயே உறைந்து கிடக்கிறது என்பது நம் எண்ணம். மனிதரைப் பற்றிப் பேசும்போதும் இதே பழக்கம்தான். ‘அவன் நல்லவன், இவன் கெட்டவன்’ என்று ஒரு வரியில் தீர்ப்பளித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுகிறோம். தீமை பொருளுக்குள் குடியிருப்பதா, அன்றி ஒரு பொருள் ஏனைய பொருள்களோடு கொள்ளும் உறவில் பிறப்பதா என்னும் வினா மிகப் பழையது. எனினும் அதனை மறுபடியும் எடுத்துப் பேசுவதற்கு இன்றைய உயிரியல் நமக்கு ஒரு புதிய வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. கண்ணுக்குப் புலப்படாத பாக்டீரியா ஒன்றினுள், அதன் மரபணுக்களைக் காத்து ஒழுங்குபடுத்துவதற்கென்றே அமைந்த புரதங்கள், சில வேளைகளில் அந்தப் பாக்டீரியாவையே கொன்றுவிடுகின்றன. வெளியிலிருந்து வந்த பகைவன் அல்லன். வீட்டுக் காவலனே கொல்கிறான். இதனை நஞ்சு என்பதா? நஞ்சு என்றால், அது எங்கே இருந்தது?

முன்னோர் இவ்வினாவை அறியாதவர் அல்லர். கிரேக்க மருத்துவத்தைப் பின்பற்றிய அரபு மருத்துவர்கள் மருந்துகளின் வெம்மை, தண்மை முதலிய குணங்களை நான்கு படிகளாக வகுத்தனர். முதற்படி உடலில் மெல்லிய மாறுதலைச் செய்வது. நான்காம் படி அழிவு செய்வது. ஆகவே, மருந்துக்கும் நஞ்சுக்கும் இடையே இருப்பது சுவரன்று, படிக்கட்டே என்று கொள்ள இடமுண்டு. ஆயினும் இப்னு சீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ என்னும் பெருநூலில் அங்கே நின்றுவிடவில்லை. குணம் மிகுந்து போவதால் கொல்லும் மருந்து வேறு. தன் இயல்பு முழுவதாலும் கொல்லும் நஞ்சு வேறு என்று அவர் பிரித்தார். முன்னது நச்சு மருந்து. பின்னதே ‘ஸம்மு’, அதாவது முற்றிய நஞ்சு. அரபு மதரஸாக்களில் மருத்துவம் பாடமாக இல்லாமற் போய்ப் பல தலைமுறைகள் ஆகிவிட்டன. ஆனால் இந்தப் பாகுபாட்டின் கூர்மை மழுங்கிவிடவில்லை. நாம் பேசப்போகும் புரதங்கள் எந்த வகையைச் சேர்ந்தவை என்று கேட்பதற்கு இதனைவிடச் சிறந்த அளவுகோல் எனக்குத் தெரியவில்லை.

முதலில் அந்தச் சிற்றுயிரை அறிந்துகொள்வோம். தியோடர் எஷரிச் என்னும் மருத்துவர் 1885-இல் குழந்தைகளின் மலத்திலிருந்து கண்டு விவரித்த பாக்டீரியா பின்னாளில் அவர் பெயராலேயே எஷரிச்சியா கோலி என்று வழங்கலாயிற்று. சுருக்கமாக ஈ. கோலி என்பர். நம் குடலில் கோடிக் கணக்கில் வாழ்வது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூற்றில் ஒரு பங்கு. இதனுள் இருக்கும் டி.என்.ஏ. இழையை ஒரு நூலாகக் கருதினால், அதில் சுமார் 46 இலட்சம் எழுத்துகள் இருக்கின்றன. அவை நாலாயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்களாகப் பிரிந்துள்ளன. எல்லா மரபணுக்களும் எல்லா நேரமும் வேலை செய்வதில்லை. தேவைப்பட்ட பக்கத்தை மட்டுமே படியெடுத்துப் புரதமாக்க வேண்டும். எந்தப் பக்கம் எப்போது என்று தீர்மானிப்பவை சுமார் 300 ஒழுங்குப் புரதங்கள். சில, டி.என்.ஏ.வில் தமக்குரிய இடத்தில் அமர்ந்து, படியெடுக்கும் நொதியைத் தடுக்கின்றன. இவற்றை அடக்கிகள் என்பர். சில, அந்நொதியை அழைத்து வந்து அமர்த்துகின்றன.

இவற்றுள் உலகம் முதலில் அறிந்தது, பால் சர்க்கரையாகிய லாக்டோஸைச் சார்ந்த அடக்கி. பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிறுவனத்தில் ஃபிரான்சுவா ஜாக்கோப், ஜாக் மோனோ ஆகிய இருவரும் 1961-இல் இதன் தத்துவத்தை வெளியிட்டனர். 1965-இல் ஆந்திரே லுவோஃபுடன் சேர்ந்து நோபல் பரிசும் பெற்றனர். பால் சர்க்கரை இல்லாத போது, அதனைச் செரிக்கும் நொதிகளைச் செய்வது வீண் செலவு. ஆகவே அடக்கி, அந்த மரபணுக்களின் தலைவாயிலில் அமர்ந்து கதவை அடைத்திருக்கிறது. சர்க்கரை வந்ததும், அதிலிருந்து பிறக்கும் ஒரு சிறு மூலக்கூறு அடக்கியைத் தொடுகிறது, அடக்கி பிடியை விடுகிறது, கதவு திறக்கிறது. ஹார்வர்டில் வால்ட்டர் கில்பர்ட்டும் பென்னோ முல்லர்-ஹில்லும் 1966-இல் இந்தப் புரதத்தையே தனியே பிரித்தெடுத்துக் காட்டினர். ஓர் உயிரணுவில் இருப்பவை ஏறத்தாழப் பத்தே பத்து. பத்துப் பேர் காவல் காக்கும் அரண்மனை!

இந்தக் காவலனிடம் நாம் கவனிக்க வேண்டியது அவன் வலிமையை அன்று, அவன் செவியை. 1960-களிலேயே ஆய்வாளர்கள் ஒரு பிறழ்ந்த வகையைக் கண்டனர். இவ்வகை அடக்கி டி.என்.ஏ.வைப் பற்றுவதில் குறைவில்லாதது. ஆனால் சர்க்கரையின் சேதியைக் கேளாதது. பால் சர்க்கரை ஒன்றே உணவாக உள்ள கரைசலில் இந்தப் பாக்டீரியாவை இட்டால், உணவுக் கடலின் நடுவே அது பசியோடு நிற்கும், வளர்வதில்லை. காவலன் கடமை தவறினானா? இல்லை. கடமையை இம்மியும் விடாமல் செய்கிறான். கேட்பது ஒன்றுதான் போயிற்று. இதனை ஆய்வாளர்கள் நஞ்சு என்று அழைப்பதில்லை; வேறு உணவு கொடுத்தால் அப்பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். ஆயினும் நம் வினாவின் முதற் சாவி இங்கே கிடக்கிறது என்றே நான் கருதுகிறேன்.

‘அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு’ என்னும் பழமொழியை இவ்விடத்தில் வாசகர்கள் நினைத்திருக்கக்கூடும். பழமொழி பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மை. பாதி உண்மையோடு நின்றுவிடும் பழக்கம் நம்மைப் பல இடங்களில் தவறாக வழிநடத்தியிருக்கிறது. சற்றுமுன் சொன்ன செவிட்டு அடக்கி அளவில் மிஞ்சவே இல்லை. இனி, அளவில் மிஞ்சிய ஒன்றையும் காண்போம்.

ஈ. கோலியிலும் அதன் உறவினமான சால்மோனெல்லாவிலும் ‘எச்-என்-எஸ்’ எனப்படும் புரதம் உண்டு. லாக்டோஸ் அடக்கி பத்து என்றோம். இதுவோ ஓர் உயிரணுவில் ஆயிரக் கணக்கில் இருப்பது. டி.என்.ஏ. இழையைச் சுருட்டி ஒழுங்காக வைப்பதும், பல மரபணுக்களை அடக்கி வைப்பதும் இதன் பணி. பாக்டீரியாக்கள் பிற உயிர்களின் மரபணுக்களைத் தமக்குள் வாங்கிக்கொள்ளும் வழக்கமுடையவை. அப்படி வந்த அயல் மரபணுக்களை வந்தவுடனே பேச விட்டால், வீட்டின் ஒழுங்கே குலையும். 2006-இல் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் இரு குழுக்கள் சால்மோனெல்லாவை ஆராய்ந்து, எச்-என்-எஸ் புரதமே இந்த அயலார் மீது அமர்ந்து அவர்களை அமைதியாக வைக்கிறது என்று காட்டின. அயல் மரபணுக்களில் ஏ, டி என்னும் எழுத்துகள் மிகுதி. அந்த மிகுதியே அடையாளம். இந்தப் புரதத்தை நீக்கிவிட்டால் சால்மோனெல்லா பெருந் துன்பத்துக்கு ஆளாகிறது. வேறு மாறுதல்கள் நேர்ந்து ஈடுகட்டினாலன்றி நன்கு வாழ்வதில்லை. ஆகவே இது வேண்டாத காவல் அன்று, இன்றியமையாத காவல்.

அதே புரதத்தை அளவுக்கு மேல் உற்பத்தி செய்ய வைத்தால் என்ன நேரும்? இத்தாலிய ஆய்வாளர்கள் 1992-இல் இதனைச் செய்து பார்த்தனர். ஈ. கோலி இறந்தது. டி.என்.ஏ. ஒரு சிறு கட்டியாக இறுகிப்போயிருந்தது. அதிலிருந்து எதையும் படியெடுக்க வழியில்லை. தம் கட்டுரைத் தலைப்பிலேயே அவர்கள் ‘பிரேதப் பரிசோதனை’ என்னும் சொல்லை வைத்தார்கள். விஞ்ஞானிகளுக்கும் நகைச்சுவை உண்டு போலும். ஆனால் சொல் பொருத்தமானதே. இறந்தது காவல் மிகுதியால். நூலகத்தின் ஒவ்வொரு நூலையும் யாரும் திருடாதபடி கயிற்றால் கட்டி முத்திரையிட்டுவிட்டால், நூல்கள் பத்திரமாகத்தான் இருக்கும். படிக்க மட்டும் முடியாது.

இங்கே ஒன்றைக் கருத வேண்டும். ஆயிரக் கணக்கில் இருக்கும் எச்-என்-எஸ் நலமாகவே இருக்கிறது; பத்தாக இருக்க வேண்டிய இன்னொன்று பத்திலேயே தீங்கு செய்யக் கூடும். ஆகவே ‘அளவு’ என்பது எண்ணிக்கை அன்று. எண்ணிக்கைக்கும் அதனை எதிர்கொண்டு நிற்கும் ஏனையவற்றுக்கும் உள்ள விகிதமே அளவு.

இதனை இன்னும் தெளிவாகக் காட்டுவது ‘சிக்மா ஈ’ என்னும் புரதம். ஈ. கோலிக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வில் அமைய வேண்டிய புரதங்கள் வெப்பத்தாலோ பிற துன்பத்தாலோ கோணலாகிப்போனால், பழுது பார்க்கும் மரபணுக்களை இயக்குவது சிக்மா ஈ. அமைதிக் காலத்தில் இதனை ‘ஆர்-எஸ்-ஈ-ஏ’ என்னும் மற்றொரு புரதம் உட்சவ்வோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறது. துன்பம் வந்ததும் ஒரு நொதி அந்தக் கட்டை வெட்டுகிறது. சிக்மா ஈ விடுபட்டுத் தன் வேலையைச் செய்கிறது. துன்பம் தணிந்ததும் புதிய கட்டுகள் பிறந்து மீண்டும் அதனைக் கட்டுகின்றன. சிக்மா ஈ இல்லாமல் ஈ. கோலி உயிர் வாழாது. ஆனால் கட்டும் புரதத்தை நீக்கிவிட்டாலும், சிக்மா ஈயை மிகுதியாக்கினாலும், உயிரணுவின் உறை பலவீனமுற்று, வளர்ச்சி நின்ற காலத்தில் உடைந்து போகிறது. 2000-இல் ஜப்பானிய ஆய்வாளர்களும் 2017-இல் அமெரிக்க ஆய்வாளர்களும் இதனை வெளியிட்டனர். உறையைக் காக்கவே பிறந்த புரதம், கட்டின்றி இயங்கினால் உறையையே உடைக்கிறது. காரணம் விளங்காதது அன்று: கோணலான புரதங்கள் மேலும் குவியாதிருக்க, சிக்மா ஈ வெளிச்சவ்வுப் புரதங்களின் உற்பத்தியைக் குறைக்கிறது. நெருக்கடியில் சில நிமிடம் இது நலம். நாள் முழுதும் நெருக்கடி என்று ஆணையிட்டுக்கொண்டிருந்தால் சுவர் எழுப்பக் கல்லே இராது.

இதனால்தான் போலும், நெருக்கடிக் காலத்து ஒழுங்குப் புரதங்களுக்கு ஆயுள் மிகக் குறைவு. வெப்பத்தை எதிர்க்கும் ‘சிக்மா 32’ சாதாரண வெப்பநிலையில் ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் பாதி அழிந்துவிடுகிறது. நச்சு ஆக்சிஜனை எதிர்க்கும் ‘சாக்ஸ்-எஸ்’ சுமார் இரண்டு நிமிடத்தில் பாதி அழிகிறது. இவற்றை அழிப்பதற்கென்றே நொதிகள் உயிரணுவில் காத்திருக்கின்றன. ‘லோன்’ என்பது அவற்றுள் ஒன்று. அழிப்பவனைக் கொடியவன் என்போமா? இங்கே அழிப்பவனே காப்பவன். ஆணை வந்த வேகத்திலேயே அதனை நீக்கவும் வழி இருப்பதால்தான் அந்த ஆணை மருந்தாக இருக்கிறது.

சரி, இவையெல்லாம் இப்னு சீனா சொன்ன முதல் வகை, அதாவது குணம் மிகுந்து கொல்பவை என்று வைத்துக்கொள்வோம். தன் இயல்பு முழுவதாலும் கொல்லும் ‘ஸம்மு’ ஒன்றும் பாக்டீரியாவுக்குள் இல்லையா? உண்டு. அதுவும் ஒழுங்குப் பணியோடு பின்னிக் கிடப்பதுதான் வியப்பு.

பாக்டீரியாவின் பெரிய டி.என்.ஏ.வோடு, தனியே வட்டமாக இருக்கும் சிறு டி.என்.ஏ. துண்டுகளும் சிலவற்றில் வாழ்கின்றன. இவற்றைப் பிளாஸ்மிட் என்பர். உயிரணு இரண்டாகப் பிரியும்போது ஒரு மகவுக்குப் பிளாஸ்மிட் கிடைக்காமல் போகலாம். ஆனால் ‘எஃப்’ என்னும் பிளாஸ்மிட்டை இழந்த மகவுகள் நெடுநாள் வாழ்வதில்லை. 1983-இல் ஜப்பானியரான ஒகுராவும் ஹிராகாவும் இதன் மரபணுக்களைக் கண்டனர். ‘சிசிடி-பி’ என்பது நஞ்சு. டி.என்.ஏ.வின் முறுக்கைச் சரிசெய்யும் கைரேஸ் என்னும் நொதியை அது பிடித்து முடக்குகிறது, டி.என்.ஏ. உடைகிறது, உயிரணு மாள்கிறது. ‘சிசிடி-ஏ’ என்பது அதன் முறிப்பான். யூனானி வைத்தியர்கள் ‘திரியாக்’ என்பார்களே, அது. முறிப்பான் நஞ்சைத் தழுவிக்கொண்டிருக்கும் வரை இருவராலும் தீங்கில்லை. அது மட்டுமா? இருவரும் தழுவியபடியே தங்கள் மரபணுவின் தலைவாயிலில் அமர்ந்து, தங்கள் உற்பத்தியைத் தாங்களே அடக்குகிறார்கள். நஞ்சும் முறிப்பானும் சேர்ந்த இணையே ஓர் ஒழுங்குப் புரதம்! நஞ்சின் பங்கு கூடிவிட்டால் அடக்கம் தளர்ந்து, புதிய முறிப்பான் பிறக்கிறது. எவ்வளவு நுட்பமான தராசு!

ஆனால் முறிப்பான் அற்ப ஆயுள் உடையது. லோன் நொதி அதனை இடைவிடாமல் அழித்துக்கொண்டிருக்கிறது. பிளாஸ்மிட் இடைவிடாமல் புதிதாய்ச் செய்துகொண்டிருக்கிறது. பிளாஸ்மிட் போய்விட்டால் செய்வது நிற்கும்; அழிப்பது நிற்காது. நஞ்சு தனித்து நிற்கிறது. நேற்று வரை அமைதியான காவலிணையின் ஒரு பாதியாயிருந்தது, இன்று கொலைஞன். அதன் உடம்பில் ஓர் அணுவும் மாறவில்லை. துணை போயிற்று, அவ்வளவே. முற்றிய நஞ்சு என்று நாம் ஒத்துக்கொண்ட இடத்திலும், தீமை பொருளுக்குள் மட்டும் அடங்கிவிடவில்லை என்பதைக் காண்கிறோம். அதேபோது, எந்தப் பொருளும் துணை இழந்தால் கொல்லும் என்று சொல்லவும் முடியாது. கைரேஸைப் பிடிக்கும் கை சிசிடி-பிக்கு இயற்கையிலேயே இருக்கிறது. ஆகவே இப்னு சீனாவின் பாகுபாட்டைத் தள்ளிவிட நான் துணியேன். இயல்பில் ஆற்றல் இருக்கிறது. அந்த ஆற்றல் தீமையாவது, அதற்கு மறுமொழி சொல்லும் ஒன்று இல்லாத போது.

‘யாருக்குத் தீமை?’ என்றும் ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். சிசிடி-பி பாக்டீரியாவுக்கு எமன், பிளாஸ்மிட்டுக்கோ காவல். ‘டி-4’ என்னும் வைரஸ் ஈ. கோலியைத் தாக்கும்போது, ‘ஏசியா’ என்றொரு சிறு புரதத்தைச் செய்கிறது. சுமார் 90 அமினோ அமிலங்களே அதன் நீளம். பாக்டீரியாவின் தலைமை ஒழுங்குப் புரதமான ‘சிக்மா 70’ஐ அது பற்றி வளைத்து, வீட்டுக்காரனின் மரபணுக்களைப் படிக்கவிடாமல், வைரஸின் மரபணுக்களைப் படிக்கச் செய்கிறது. வைரஸே இல்லாமல் இந்தப் புரதத்தை மட்டும் பாக்டீரியாவினுள் செய்ய வைத்தாலும் பாக்டீரியா மாள்கிறது. நோய் செய்யும் பாக்டீரியா மாள்வது நமக்கு நலம். ‘ஹிப்-ஏ’ என்பதோ இன்னும் விந்தை. தன் துணையான ‘ஹிப்-பி’யோடு இருக்கும்போது இதுவும் தன் மரபணுவை அடக்கும் ஒழுங்குப் புரதமே. துணையினும் மிஞ்சினால், புரதம் செய்யும் வேலையை நிறுத்தி, பாக்டீரியாவை உறங்க வைக்கிறது. 1944-இல் ஜோசஃப் பிகர் என்பார், பெனிசிலினால் கொல்லப்பட்ட பாக்டீரியாக் கூட்டத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் ஒன்று மட்டும் சாகாமல் எஞ்சுவதைக் கண்டார். 1983-இல் மோயெட், பெர்ட்ராண்ட் இருவரும் அத்தகைய பிழைப்பைப் பெருக்கும் ஹிப்-ஏ மாறுதலைக் கண்டனர். உறங்குபவனை மருந்து கொல்லாது, வளர்பவனையே கொல்லும். உயிரணுவை முடக்கும் நஞ்சு, நம் மருந்திலிருந்து அதற்குக் கேடயம் ஆயிற்று. பாக்டீரியாவுக்கு நலம், நோயாளிக்குத் தீமை. மருந்து தின்றும் திரும்பித் திரும்பி வரும் நோய்களை ஆராய்வோர் இத்தகைய உறக்கத்தை ஒரு முக்கியக் காரணமாகக் கருதுகின்றனர்.

ஆகவே, நோக்கும் இடம் மாறினால் நன்மை தீமையாகிறது என்பது உண்மை. ஆனால் இதிலிருந்து, ‘நன்மை தீமை என்று ஒன்றும் இல்லை, எல்லாம் பார்வை’ என்று முடிவு செய்பவர்களோடு நான் உடன்படேன். உறை உடைந்த பாக்டீரியா, எந்தப் பார்வையில் நோக்கினும் உடைந்ததே. பார்வை மாறுவது அதன் விலை, நிகழ்ச்சி அன்று.

இனி, இவற்றை மனித வாழ்வோடு ஒப்பிடலாமா? இயற்கையில் ஒன்றைக் கண்டவுடன் அதிலிருந்து அறவுரை கறந்துவிடும் அவசரம் நம் மேடைகளில் மிகுதி. எறும்பைப் பார், தேனீயைப் பார் என்று தொடங்கினால் மாலை வரை பேசலாம். மதரஸாவில் ‘கியாஸ்’ என்னும் ஒப்பீட்டு முறையைக் கற்றவர்கள் அறிவர்: மூலம் ஒன்று, கிளை ஒன்று, இரண்டுக்கும் பொதுவான காரணமாகிய ‘இல்லத்’ உறுதிப்பட்டாலன்றி மூலத்தின் தீர்ப்பைக் கிளைக்கு ஏற்ற முடியாது. திராட்சை மதுவின் தீர்ப்பு வேறொரு பானத்துக்குச் செல்வது, நிறம் ஒத்திருப்பதால் அன்று; மயக்கம் ஒத்திருப்பதால். அதே கண்டிப்பை இங்கும் கைக்கொள்வோம். ஒழுங்குப் புரதத்துக்கும் மனிதத் தலைமைக்கும் பொதுவான காரணம் ஏதாவது உண்டா?

ஒன்று உண்டு. தந்தை, ஆசிரியர், நிறுவனத்தின் மேலாளர், ஊர்த் தலைவர் ஆகிய எவராயினும், பிறர் செயலைத் தொடங்கவும் நிறுத்தவும் ஆற்றல் பெற்றவர்கள். அந்த ஆற்றல் சிலரிடம் குவிந்தால்தான் ஒழுங்கு பிறக்கிறது. குவிந்த ஆற்றலுக்கு எதிரே ஒன்று நிற்காவிட்டால், அதே ஒழுங்கு உயிரை நெரிக்கிறது. இந்த அளவுக்கு ஒப்பீடு நிற்கும். தலைமையே வேண்டாம் என்பாருக்குச் சிக்மா ஈ இல்லாத ஈ. கோலி விடை; தலைமைக்குக் கட்டு வேண்டாம் என்பாருக்குக் கட்டில்லாத சிக்மா ஈ விடை.

ஆனால் ‘நிய்யத்’ என்னும் எண்ணம் புரதத்துக்கு இல்லை. ஒப்பீடு முறிவது இங்கேதான். முறியும் இடமே நமக்கு முக்கியமானது. நம்மவரிடையே ஒரு வாதம் வழக்கில் இருக்கிறது: ‘நான் நல்ல எண்ணத்தோடுதானே கண்டித்தேன்? நன்மைக்காகத்தானே தடுத்தேன்?’ என்பது அது. பள்ளியில் பிள்ளை வாயைத் திறந்தாலே திருத்துகின்ற ஆசிரியரிடம் கேட்டால், தமிழும் அரபும் பிழையின்றி வர வேண்டும் என்னும் நல்லெண்ணமே தம்மை இயக்குவதாகச் சொல்வார், அது பொய்யன்று. மூன்றாம் மாதத்தில் அந்தப் பிள்ளை வாயே திறப்பதில்லை என்பதும் பொய்யன்று. படிப்பு முடித்த மகளுக்கு வந்த வேலையை, அவள் பாதுகாப்பைக் கருதி வேண்டாம் என்ற தந்தையின் அன்பும் மெய்; அவள் சொல்ல வந்ததை அவர் இறுதி வரை கேட்கவில்லை என்பதும் மெய். செவிட்டு அடக்கியிடம் குற்றம் காண முடியாது. அதற்கு வேறு வழியில்லை. இவர்களிடம் காண முடியும். எண்ணம் நல்லதா என்பது ஒரு கேள்வி. ‘என்னை நிறுத்தும் சேதி என்னை எட்ட வழி வைத்திருக்கிறேனா’ என்பது அதனின்று வேறான கேள்வி. முதல் கேள்விக்குத் தரும் விடையால் இரண்டாவதை அடைத்துவிட முடியாது என்பதே என் துணிபு.

இதற்கு மறுதலையாக, ‘தீமை உறவில்தான் பிறக்கிறது என்றால், தீங்கு செய்தவன் மீது பழி ஏன்? அவனைச் சுற்றியிருந்தவர்கள் தடுத்திருக்க வேண்டும்’ என்று வாதிப்பாரும் உண்டு. புரதத்தைப் பொறுத்தவரை இது சரி. சாக்ஸ்-எஸ் தானே கரைந்து போகத் தெரியாது. லோன் வந்து அழிக்க வேண்டும். மனிதனுக்கோ, தானே விலகும் ஆற்றல் உண்டு. சுற்றியிருப்பவர் தடுக்காமற் போனது அவர்களுடைய குறை. அதனால் இவன் கணக்கு தீர்ந்துவிடாது. பழியைப் பங்கிட்டால் பங்கு குறையும் என்று எண்ணுவது வாணிகக் கணக்கு. அறத்தில் அந்தக் கணக்கு செல்லாது.

இன்றைய மனிதன், இயற்கை செய்த ஒழுங்குப் புரதங்களோடு நில்லாமல், தானே சிலவற்றைச் செய்யவும் தொடங்கிவிட்டான். டி.என்.ஏ.வை வெட்டும் ‘காஸ்-9’ என்னும் பாக்டீரியப் புரதத்தின் வெட்டும் பல்லைப் பிடுங்கி, பற்றும் கையை மட்டும் விட்டுவைத்தால், நாம் சுட்டிய மரபணுவின் மேல் அது போய் அமர்ந்து அதனை அடக்கும். 2013-இல் வெளியான இம்முறை, எந்த மரபணுவையும் விரும்பியபடி அடக்கலாம் என்னும் நம்பிக்கையை ஆய்வுக்கூடங்களில் உண்டாக்கிற்று. பல் இல்லாததால் தீங்கு இல்லை என்றே பலரும் எண்ணினர். ஆனால் அளவு கூடியபோது ஈ. கோலியின் வடிவம் திரிந்தது. மேலும், பாஸ்டர் நிறுவனத்திலிருந்தே 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, வழிகாட்டும் இழையின் ஒரு முனையிலுள்ள ஐந்து எழுத்துகள் சில குறிப்பிட்ட வரிசையில் அமைந்துவிட்டால், அது எந்த மரபணுவைக் குறிவைத்ததாயினும் பாக்டீரியாவுக்கு நஞ்சாகிறது என்று காட்டியது. ஜாக்கோப்பும் மோனோவும் முதல் அடக்கியை அறிவித்த அதே நிறுவனம்; இடையே 57 ஆண்டுகள். நஞ்சான வரிசைகளை ‘கெட்ட விதைகள்’ என்று அவர்கள் அழைத்தார்கள். விதையைக் கெட்டது என்று சொன்னாலும், அவர்கள் கண்ட பரிகாரம் விதையை மாற்றுவது மட்டும் அன்று. உயிரணுவில் அந்தப் புரதத்தின் அளவைக் குறைத்தார்கள். நஞ்சு தணிந்தது, அடக்க வேண்டிய மரபணு அடங்கியே இருந்தது.